கட்டு நிற்காத கிட்டார்

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் கடையில், டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும்போது, வெளியே ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நடந்துகொண்டிருக்கும்போது நடந்தது. பேய் என்றால் நள்ளிரவும் சுடுகாடும் வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்பாமல் போகலாம். நம்பவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கட்டுக்கதை சொல்வதாக இருந்தால் என்னை நல்லவனாகக் காட்டிச் சொல்லியிருப்பேன். இதில் நான் அப்படி இல்லை. அன்று பயந்தது கொஞ்ச நேரம்தான். வெட்கம் இன்னும் போகவில்லை.

என் பெயர் சீவகன். சொந்த ஊர் ஆரணிப் பக்கம். நயினார் குடும்பம், அதாவது தமிழ்ச் சமணர்கள். எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். பேய், பிசாசு என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. புதுச்சேரியில் ஒரு பட்டறையில் கிட்டார் செய்யக் கற்றுக்கொண்டு, இங்கே வந்து தனியாகத் தொழில் செய்கிறேன். ரமணாசிரமம் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். சென்னையிலிருந்து பையன்கள் வருவார்கள். பைண்டிங் வேலை என்றால் சீவகனிடம் போ என்று சொல்லும் அளவுக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பைண்டிங் என்பது கிட்டாருக்குப் போடும் கரை. சேலைக்குக் கரை மாதிரி. முகப்புப் பலகையும் பக்கப் பலகையும் சேரும் ஓரம் முழுக்க, சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத ஒரு பட்டை ஓடும். அழகுக்கு அழகு. பலகையின் ஓரம் பிளக்காமலும் காக்கும். ஓரத்தைச் சன்னமாகச் செதுக்கி, பட்டையைச் சூட்டில் வளைத்து, பசை தடவி உட்கார வைப்பேன். பிறகு பருத்தி நாடாவால் உடம்பு முழுவதையும் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவேன். மறுநாள் காலைதான் அவிழ்ப்பேன். இருப்பதிலேயே கஷ்டமான இடம் இடுப்பு. கிட்டார் உள்வாங்கி வளையும் இடத்தை அப்படித்தான் சொல்வோம். பட்டை அங்கேதான் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

வெள்ளை நாடா சுற்றி மேசையில் மல்லாந்து கிடக்கும் கிட்டாரைப் பார்த்தால் வேறு என்ன ஞாபகம் வரும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

போன வருடம் வைகாசி. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் தென்றல். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். துணி உறையில் ஒரு பழைய கிட்டார் கொண்டுவந்திருந்தாள்.

"அப்பாவோடதுண்ணா. மெல்லிசைக் குழுவுல வாசிச்சவரு. ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போறப்போ குடுத்துட்டுப் போனாராம். கையால செஞ்சதுன்னு சொல்வாரு."

"அப்பா வரலையா?"

"அவரு போய்ட்டாரு. அடுத்த வாரம் வருஷ திதி. அன்னிக்கி தம்பி இதுல ஒரு பாட்டாவது வாசிக்கணும்னு ஆசை. ஓரத்துல பட்டை மட்டும் பேந்துகினு வருது."

பார்த்தேன். பழைய காலத்துப் பிளாஸ்டிக் பட்டை. வருடம் ஆக ஆகச் சுருங்கி, இடுப்பு வளைவில் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். எல்லாப் பழைய கிட்டாரிலும் உள்ள சங்கதிதான். அதை எடுத்துவிட்டு ஈட்டி மரத்தில் புதுப் பட்டை போட்டுத் தருகிறேன் என்றேன். நாலு நாளில் முடியும் என்றேன்.

பட்டையை உரித்தபோது கற்பூர வாசனை வந்தது. அதற்கு நான் பயப்படவில்லை. அந்தப் பிளாஸ்டிக்கில் கற்பூரம் சேர்ப்பார்கள், சுரண்டினால் வாசனை வரும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கற்பூரத்தோடு இன்னொரு வாசனையும் வந்தது. கசங்கிய ரோஜா மாலை வாசனை. அது கிட்டாரின் ஓட்டைக்குள்ளிருந்து வந்தது. உள்ளே கண்ணாடி விட்டுப் பார்த்தேன். தூசியைத் தவிர ஒன்றும் இல்லை.

அப்புறம், அந்தக் குளிர்ச்சி. வைகாசி வெயில். கடைக்குள் தகரக் கூரை. சுத்தியலைத் தொட்டால்கூடச் சுடும். அந்தக் கிட்டார் மட்டும் ஜில்லென்று இருந்தது. மண்பானையைத் தொடுவது போல. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், முகப்புப் பலகை முழுக்கப் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. துணியால் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கோத்தது.

மரத்தில் ஈரம் ஏறியிருக்கிறது, பழைய கிட்டார்தானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். வெயிலில் வைத்துக் காயவைத்தேன். பட்டை வளைத்துப் பசை போட்டேன். நாடா சுற்றி, கடைசி முனையை முடிச்சுப் போட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் நாடா முழுக்க அவிழ்ந்து மேசையடியில் கிடந்தது. பட்டை இடுப்பில் பழையபடி துருத்திக்கொண்டு நின்றது.

எலி என்று நினைத்தேன். ஆனால் நாடாவில் ஒரு பல் படவில்லை. அறுந்திருக்கவும் இல்லை. முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டிருந்தன.

இரண்டாவது முறை பசையை மாற்றினேன். இரட்டை முடிச்சு போட்டேன். மறுநாளும் அதே கதை. இந்த முறை நாடா கீழே விழவில்லை. கிட்டாரின் கழுத்தில் தளர்ந்து கிடந்தது. மாலை போட்டது போல.

அன்று தென்றல் போன் செய்தாள். "வேலை எப்படிண்ணா போகுது?"

"முடிஞ்ச மாதிரிதாம்மா. பாலிஷ்தான் பாக்கி" என்றேன்.

சீவகனுக்கு ஒரு பைண்டிங் நிற்கவில்லை என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அடுத்த நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் மதியத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டது. பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் தென்றல் கடை வாசலில் வந்து நின்றாள். பஸ்ஸை விட்டு இறங்கி அவ்வளவு தூரமும் கூட்டத்தோடு நடந்தே வந்திருக்கிறாள். முகமெல்லாம் வியர்வை.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்ணா."

மேசைமேல் பட்டை பிரிந்து கிடக்கும் கிட்டாரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பாலிஷ் பாக்கி என்று சொன்னவன் நான். எனக்குக் காது மடல் சுட்டது.

"ஈரம் இருக்குதும்மா. பசை புடிக்க மாட்டேங்குது. இப்பவே கட்டிடறேன். நீங்க ஒரு கை புடிச்சிக்கினா ஆச்சு."

"சொல்லுங்க, எங்க புடிக்கணும்?"

ஷட்டரைப் பாதிவரை இறக்கினேன். தூசி வராமல் இருக்க. ஷட்டருக்குக் கீழே வெறும் கால்களாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒலிபெருக்கியில் பாட்டு. எங்கேயோ அரோகரா சத்தம். என் கடை வாசலில் ஜோதியம்மாள் வேகவைத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்த இடம் அவளுடையது.

மணி ஆறே முக்கால் இருக்கும். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

பசை தடவினேன். பட்டையை வைத்தேன். நாடாவின் முனையைத் தென்றல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் சுற்ற ஆரம்பித்தேன். தோள்பக்கம் ஒரு சுற்று, இரண்டு சுற்று. பட்டை அழகாக உட்கார்ந்தது. இடுப்புக்கு வந்தேன்.

இழுத்து இறுக்கினேன்.

"ம்..."

நிறுத்தினேன்.

"என்னம்மா, கை வலிக்குதா?"

"இல்லையே. நான் நீங்கன்னு நெனச்சேன்."

வெளியே கூட்டத்தில் யாராவது முனகியிருப்பார்கள். மறுபடி நாடாவை இழுத்தேன்.

"ம்... ம்ம்..."

வெளியிலிருந்து இல்லை. மேசையிலிருந்து.

வாயைத் திறக்க முடியாத ஒருவர், உதடு மூடியபடியே பேச முயன்றால் எப்படி இருக்கும்? அந்தச் சத்தம். கிட்டாரின் ஓட்டைக்குள்ளிருந்து வந்தது. மரம் அதிர்ந்தது. என் உள்ளங்கையில் அதிர்ந்தது.

தென்றல் அசையவில்லை. அவள் கண்கள் மட்டும் பெரிதாயின.

ரோஜா வாசனை அடித்தது.

கைவிரல் மரத்துப்போகிற குளிர்.

என் கண் முன்னால், நான் சுற்றிய நாடா தளர்ந்தது. ஒரு சுற்று. நான் விடவில்லை. அவளும் விடவில்லை. இரண்டு முனையும் எங்கள் கையில் இருந்தன. நடுவில் தளர்ந்தது...

இன்னொரு சுற்று...

"ம்ம்... ம்ம்ம்..."

நான் ஓடினேன்.

குனிந்து, ஷட்டருக்கு அடியில் புகுந்து, வெளியே வந்தேன். வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? ஷட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தேன். முழுசாக இழுத்து, வெளிக் கொக்கியை மாட்டினேன்.

உள்ளே அவள் இருந்தாள்.

மறந்துவிடவில்லை. அது தெரிந்தேதான் மாட்டினேன். அந்தச் சத்தம் வெளியே வந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது தலைக்குள் இருந்தது. அதற்காக ஒரு பெண்ணை அதோடு வைத்து மூடினேன்.

ஷட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். எதிரே ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு, சிரித்துப் பேசிக்கொண்டு. அவ்வளவு பேருக்கு நடுவில் என் பல் கிட்டிப்போயிருந்தது.

அப்போது முதுகுக்குப் பின்னால் தட்டும் சத்தம்.

டொக்...

டொக்...

பிறகு வேகமாக, டொக் டொக் டொக் டொக்.

நான் திறக்கவில்லை.

ஷட்டர் தகரம். உள்ளிருந்து தட்டினால் டமடமவென்று அதிரும். இது அதிரவே இல்லை. விரல் முட்டியால் கண்ணாடியில் தட்டுவது போல இருந்தது. இது எல்லாம் பிறகு யோசித்தது. அப்போது, அந்தப் பெண் தட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தும் திறக்கவில்லை.

டொக்... டொக்... டொக் டொக் டொக் டொக்.

நடந்துபோன ஒரு வயசான அம்மா நின்றார். கையில் கற்பூரத் தட்டு.

"உள்ள யாரோ தட்டறாங்க போல இருக்கே தம்பி?"

"யாரும் இல்லம்மா" என்றேன்.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துவிட்டு நகர்ந்தார். ஆனால் ஜோதியம்மாளுக்குக் கேட்டுவிட்டது. அந்தப் பெண் உள்ளே போனதைப் பார்த்தவள் அவள். கடலைக் கூடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"யாரும் இல்லியா? அந்தப் பொண்ணு எங்க?"

நான் ஷட்டரை விட்டு நகரவில்லை.

"தள்ளு."

என்னைத் தோளில் இடித்துத் தள்ளிவிட்டுக் கொக்கியைக் கழற்றினாள். ஷட்டரைத் தூக்கினாள். நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள்.

தென்றல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கிட்டாரை மடியில் வைத்திருந்தாள். நாடா மொத்தமும் அவிழ்ந்து அவள் காலடியில் கிடந்தது. கையை அந்த இடுப்பு வளைவின்மேல் வைத்து, குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொம்பளப் புள்ளய உள்ள வெச்சி சாத்திட்டு, யாரும் இல்லன்னு சொல்றான் பாரு" என்றாள் ஜோதியம்மாள், நின்றவர்களிடம்.

அது போதும். ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். இன்னொருவன் போனை எடுத்தான். "இன்னா பண்ண?" என்று யாரோ பிடரியில் ஒரு அடி வைத்தார்கள். நான் தடுக்கவில்லை. என்னவென்று சொல்வது? கிட்டார் முனகியது என்றா?

தென்றல் எழுந்து வந்தாள்.

"விடுங்க அவர. நான்தான் சாத்தச் சொன்னேன். பசை காயற வேலை, தூசி படக்கூடாது."

"நெசமாவாம்மா?"

"நெசந்தான்."

சட்டையை விட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். ஜோதியம்மாள் மட்டும் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை. பௌர்ணமிக்கு வருகிறாள், அதே இடத்தில் கூடையை வைக்கிறாள், என் பக்கம் திரும்புவதே இல்லை.

தென்றல் கிட்டாரை உறைக்குள் வைத்துக்கொண்டாள். "நான் எடுத்துட்டுப் போறேண்ணா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கூட்டத்தோடு கலந்து போய்விட்டாள்.

திதி முடிந்து சில நாள் கழித்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனேன். காலை வேளை. தென்றலின் அம்மா கழனிக்குப் போயிருந்தார்கள். தென்றல் நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். கிட்டார் சுவரில் தொங்கியது, ஓரத்தில் கரை இல்லாமல்.

"தம்பி வாசிச்சானாம்மா?"

"வாசிச்சான். நல்லாதான் இருந்துச்சு."

பஸ்ஸில் வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்ட வார்த்தைகள் எல்லாம் மறந்துபோயின. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"என்ன மன்னிச்சிடுங்கம்மா. பயத்துல ஓடினது கூடப் பரவால்ல. நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. கேட்டும் தெறக்கல. ஒரு அம்மா கேட்டதுக்கு உள்ள யாரும் இல்லன்னு வேற சொன்னேன்."

அவள் புருவம் சுருங்கியது.

"நான் எங்கண்ணா தட்டினேன்?"

நிமிர்ந்தேன்.

"நான் ஸ்டூல விட்டு எழுந்திருக்கவே இல்ல. சத்தம் எனக்கும் கேட்டுச்சு. வெளியருந்து நீங்கதான் தட்டறீங்கன்னு இருந்தேன்."

வெயில் வாசல்வரை வந்திருந்தது.

"எப்படிக் கேட்டுச்சு உங்களுக்கு?" என்றாள். "தட்டிக் காட்டுங்க."

நாற்காலிக் கையில் விரல் முட்டியால் தட்டினேன். டொக்... டொக்...

நான் நிறுத்திய இடத்தில் அவள் விரல் சுவரில் தட்டியது. டொக் டொக் டொக் டொக்.

"ஒன்னு... ரெண்டு... ஒன்னு ரெண்டு மூணு நாலு" என்றாள். "மேடையில பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்ன அப்பா கிட்டார் மேல இப்படித்தான் தட்டுவாரு. எல்லாரும் ஒன்னா எடுக்கணும் இல்ல, அதுக்கு."

எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. அவள் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"அப்பா மத்தியானம் படுத்தவரு எழுந்திருக்கல. டாக்டர் யாரும் வரல. பக்கத்துல ஒருத்தரக் கூட்டிட்டு வந்தாங்க, கையப் புடிச்சிப் பாத்துட்டு முடிஞ்சிடுச்சின்னாரு. தம்பி பெங்களூர்லருந்து வரணும்னு, வாய்க்கட்டு, கால்கட்டு எல்லாம் கட்டி, ஐஸ் பெட்டியில வெச்சிட்டாங்க. காலையில தெறந்தப்போ ரெண்டு கட்டும் அவுந்திருந்துச்சுண்ணா. வாய்க்கட்டுத் துணி கழுத்துல கெடந்துச்சு. சித்தப்பா ஒன்னும் பேசாம திரும்பக் கட்டினாரு. யாரும் யாரு மொகத்தையும் பாக்கல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது." தண்ணீர்ச் சொம்பை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தாள். "அன்னிக்கி ராத்திரி பெட்டிகிட்ட நான்தான் உக்காந்திருந்தேன். கண்ணாடியில தட்டற சத்தம். மொதல்ல ரெண்டு. அப்புறம் நாலு. எத்தன கச்சேரி பாத்திருப்பேன், எனக்குத் தெரியாதா அது? துக்கம் விசாரிக்க வந்த ஒரு அம்மா, உள்ள இன்னாம்மா சத்தம் கேக்குதுன்னு என்னக் கேட்டாங்க."

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"பெட்டி மோட்டார் சத்தம்னு சொன்னேண்ணா."